பேசாத கட்டை

பிரதான வீதியில், போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடி.
சட்டத்தரணி கந்தவேற்பிள்ளை
மின்விசிறியை நிறுத்திவிட்டு
இரண்டு மெட்டையும் கேட்டார்.

முதலில் என்னுடையது:
குருநகர், தொண்ணூற்றெட்டு மார்கழி, ஊரடங்கு இரவு,
கசற்றில் பதிந்தது.
நடுவில் ஒரு நாய் குரைக்கிறது.
பிறகு அகிலேந்திரனுடையது:
ஸ்காபறோவில் செய்தது.
நாய் இல்லை.

"ஒண்டுதான்," என்றார்.
"ஆனா ஒண்டெண்டு காட்டவேணும்."

அவர்களின் பதில் கடிதம் மேசையில் கிடந்தது.
காந்தாரம் விட்ட ராகங்கள்
எவர் வீட்டுச் சொத்தும் இல்லையாம்.
எமது கட்சிக்காரர் சிறுவயதில் எங்கேயோ கேட்டிருக்கலாம்,
அது தெரியாமல் வந்திருக்கலாம்.
'தெரியாமல்' என்பதன் கீழே
யாரோ கோடு கீறியிருந்தார்கள்.

ஐயா, மேல் ஸ்தாயியைக் கேளுங்கோ, என்றேன்.
அங்கே காந்தாரம் இருக்கு.
நடு ஸ்தாயியில்தான் இல்லை.
எந்த ராகமும்
மேல்மாடியில் மீன்கறி தின்றுவிட்டு
கீழ்மாடியில் விரதம் இருக்காது.
இது ராகம் இல்லை.
எமிலியானுஸின் கீபோட்டில்
அந்த ஒரு கட்டை செத்துப்போய்க் கிடந்தது.

ரிஷபத்திலிருந்து மத்திமத்துக்கு
மழைநாளில் ஒழுங்கைப் பள்ளத்தை எட்டிக் கடப்பதுபோல
நான் கடந்தேன்.
அகிலேந்திரனிடம் எண்பத்தெட்டுக் கட்டையும் பேசும்.
பள்ளமே இல்லாத தெருவில்
அவர் ஏன் எட்டிக் கடந்தார்?

சட்டத்தரணி பேனா மூடியைக் கழற்றினார்.
"இது காணும். இதுதான் கைரேகை."

படிவத்தை நீட்டினார்.
ஆக்கியவர் பெயர்: ஒரு கோடு.
ஒரேயொரு பெயர் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய நீளம்.
நாளைக்குத் தாறன் என்று மடித்துக்கொண்டு இறங்கினேன்.

எமிலியானுஸைக் கேட்க முடியாது.
இரண்டாயிரத்தேழுக்குப் பிறகு
எவராலும் அவரைக் கேட்க முடியவில்லை.
மகள் ஜெனிற்றா
ஸ்ரான்லி வீதி சுப்பர் மார்க்கெற்றில் பில் போடுகிறாள்.
தேத்தண்ணி நேரம், பின்வாசலில் வைத்துச் சொன்னேன்.
சிரித்தாள்.

"அது நான்தான் அண்ணை. நன்னாரி சர்பத்.
நாலு வயசு. அப்பா அடிச்சவர்.
அப்ப எனக்கும் பங்கு வருமோ?"

பகிடிதான்.
பிறகு, கையிலிருந்த பில் சுருளைத் திருகியபடி,
"ஆனா நான் தெரியாமல்தானே ஊத்தினனான்."

கடிதத்தில் அந்தச் சொல்லைக் கண்டபோது
காறித் துப்பியவன் நான்.
அவள் வாயில் அது
சர்பத் மணத்தது.
தெரியாமல் எடுத்தவன் கள்ளன் என்றால்
தெரியாமல் கொடுத்தவளுக்கு
என்ன பெயர்?

பாண் ஓட்டோ வந்தது,
நாலு மணிக்கு வருகிற அதே மெட்டோடு.
எந்தத் தேசத்தவன், யாரை நினைத்துச் செய்தானோ,
இங்கே பணிஸ் விற்கிறது.
ஜெனிற்றா இரண்டு வாங்கி, ஒன்றை எனக்குத் தந்தாள்.
யாரும் யாருக்கும் கடிதம் போடவில்லை.

ஆனால் அகிலேந்திரன் பாண் விற்கவில்லை.
விருது மேடையில் நின்று
"விடிய மூன்று மணிக்கு இது எனக்கு வந்தது" என்றார்.
அந்த 'எனக்கு'தான் நோகுது.
காசு பிறகு.

அவர்கள் சொன்ன தொகை ஐயாயிரம் டொலர்,
பெயர் போடமாட்டார்களாம்.
படிவத்தில் பொடி எழுத்தாய் எழுதினேன்:
எமிலியானுஸ், கீபோட்.
ஜெனிற்றா, பள்ளம்.
மூன்றாவதாக நான், கடந்தவன்.

"கோட்டுக்கு வெளியால போகுது," என்றார் சட்டத்தரணி.
"போகட்டும் ஐயா."
"மூன்று பேரெண்டா வழக்கு பலம் குறையும்."
"குறையட்டும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கசற்றை இன்னொருதரம் போட்டார்,
அந்த இடம் வரும்வரை தலையைச் சாய்த்திருந்தார்.
"இந்த நாய்?"

பக்கத்து வீட்டு நாய் ஐயா.
அதைக் கேட்டுப் பார்க்கவில்லை.